இரண்டு நூறு சதவீதங்கள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் எட்டாம் வகுப்பு முடித்தது 1986-ல். அந்த ஆண்டு எங்கள் வகுப்பின் தேர்ச்சி நூறு சதவீதம். இன்றும் அதே நூறுதான். ஊரில் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்ட இந்த நாற்பது ஆண்டுகளில் மாறாமல் நிற்கும் எண் இது. ஆனால் அன்றைய நூறு வந்த வழி வேறு, இன்றைய நூறு வரும் வழி வேறு. இரண்டு வழியிலும் கணக்கில் வராமல் போனது ஒரே வகையான பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், சாயல்குடிப் பக்கம். பனையும் உடைமரமும் சீமைக் கருவேலமும் நிற்கும் மண். கண்மாய் நிறைந்தால் நெல், குறைந்தால் மிளகாய், அதுவும் பொய்த்தால் கரிமூட்டம். மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பல குடும்பங்களுக்குப் பனங்காட்டு விடிலிதான் வீடு. ஆண்கள் மரமேறுவார்கள், பெண்கள் பதநீர் காய்ச்சுவார்கள், பிள்ளைகள் அடுப்புக்கு ஓலையும் சுள்ளியும் பொறுக்குவார்கள். மிளகாய்ப் பழம் பறிப்பதும் அதே மாதங்களில்தான். பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு வருவதும் அப்போதுதான். வேலையும் தேர்வும் இப்படி ஒரே நேரத்தில் வந்து மோதுவதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் பள்ளியின் படிப்பை யாரும் மதிப்பிட முடியாது.

1983-ல் ஆறாம் வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தோம். ஓட்டுக் கட்டிடம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பித்தால் இந்தப் பக்கம் செய்யுள் கேட்காது. ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்து நாங்களே கரும்பலகைக்குப் பூசுவோம். எட்டு வரைக்கும் இடைநிலை ஆசிரியர்கள்தான் நடத்தினார்கள். கணக்கு சார்தான் ஆங்கிலத்துக்கும். 1981 ஜூனில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக ஆகியிருந்தார்கள். எங்கள் கணக்கு சார் வெளியூர்க்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை ஊரிலேயே அறை எடுத்துத் தங்கி, இரவில் அரிக்கேன் விளக்கு வைத்துப் படிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அவர் இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்தில் நான் நின்றுபோயிருப்பேன்.

அந்த இரவு வகுப்புக்கு வர முடியாதவர்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவர்களில் ஒருவன். இத்தனை கலயம் பதநீருக்கு இத்தனை கருப்பட்டி, வியாபாரி கேட்கும் விலைக்கு இவ்வளவு ரூபாய் என்று வாயாலேயே சொல்லிவிடுவான். தாளில் வகுத்தல் கணக்கு என்றால் கை நின்றுவிடும். அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுக்கச் சொன்னால் பன்னிரண்டு என்று எழுதுவான். நூற்றிரண்டு என்பதில் நடுவே ஒரு சுழி வரவேண்டும். அந்தச் சுழி எதற்கு என்பது அவனுக்குப் புரியவில்லை. எங்களில் பாதிப் பேருக்கும் புரியவில்லை. சுழி போடவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள் தப்பித்தோம். அவன் பிரம்படி வாங்கினான்.

ஏழாம் வகுப்பு முடிவு வந்தபோது அவன் பெயர் வாசிக்கப்படவில்லை. எட்டில் தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்களை ஏழிலேயே நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். ஆண்டாய்வுக்குக் கல்வி அதிகாரி வரும்போது எட்டாம் வகுப்பின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார். ஏழில் நிறுத்தப்பட்டவர்கள் ஜூனில் திரும்பி வந்து, தம்பி தங்கைகளோடு அதே பாடத்தை அதே விதமாக மறுபடி கேட்கவேண்டும். பெரும்பாலோர் ஆடிக்குப் பிறகு வருவதில்லை. என் நண்பன் அப்பாவோடு கரிமூட்டத்துக்குப் போய்விட்டான். சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே, தொடர்ந்து வராததால் நீக்கம் என்று எழுதி முடித்தார்கள். ஆறில் ஐம்பதைத் தாண்டியிருந்த வகுப்பு எட்டில் பாதியாகக்கூட இல்லை. மிஞ்சிய வகுப்பு முழுசாகத் தேறியது. அதுதான் 1986-ன் நூறு சதவீதம்.

பெண்பிள்ளைகளின் கணக்கு இன்னும் சுருக்கமானது. உயர்நிலைப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும். எங்களோடு எட்டு முடித்த பெண்களில் ஒருவரைக்கூட ஒன்பதாம் வகுப்பில் நான் பார்க்கவில்லை. அவர்களில் ஒருத்தி எல்லாப் பாடத்திலும் எனக்கு மேலே மதிப்பெண் வாங்கியவள்.

பசியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் படிப்பின் பாதி அதில் இருந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒரே வளாகத்தில் ஒன்று முதல் எட்டு வரை படித்தோம். ஆறாம் வகுப்பில் இருந்த எங்களுக்குச் சாம்பார் வாசனை வரும், தட்டு வராது. என் தங்கை தன் தட்டிலிருந்து சோற்றை ஓலைப் பெட்டியில் போட்டு எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள். 1984 செப்டம்பர் 15 முதல் பதினைந்து வயது வரைக்கும் உண்டு என்று ஆனது. அந்த வாரத்திலிருந்து மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் ஆள் இருந்தார்கள். சோறு வந்ததும் வருகை கூடியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். எந்த ஆய்வறிக்கையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது முன்னாள் மாணவன் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2024-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் கிடைத்தது. அதனால் பள்ளியை உள்ளிருந்து பார்க்க வாய்த்திருக்கிறது.

கான்கிரீட் கட்டிடம். தட்டி கிடையாது. பாடநூல், நோட்டு, பை, சீருடை, காலணி, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கணித உபகரணப் பெட்டி, வரைபட நூல் எல்லாம் அரசு தருகிறது. ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. எங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் சேர்த்தாலே அந்த முப்பத்தைந்தைத் தொடுவது கடினம். நான் படித்தபோது இடமில்லாமல் நெருக்கியடித்த பள்ளிக்கு எல்லா வசதியும் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் இல்லை. காலை எட்டு மணிக்கு ஊர் மந்தையில் தனியார் பள்ளி வேன் வந்து நிற்கிறது.

என் பழைய பெஞ்சு நண்பனின் பேரனும் அந்த வேனில்தான் போகிறான். கரித் தொழிலில் கொஞ்சம் காசு பார்த்திருக்கிறான் நண்பன். நம் பள்ளிக்கு அனுப்பேன் என்று கேட்டேன்.

“என்னைய வெளிய தள்ளுன பள்ளிக்கூடம்டா மாப்ள அது” என்றான்.

“இப்ப யாரையும் தள்ள மாட்டாங்க. எட்டு வரைக்கும் பெயிலே கிடையாது, சட்டமே இருக்கு.”

“தள்ள மாட்டாக, சரி. கண்டுக்கவும் மாட்டாகள்ல?”

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான் பல மாதம் பள்ளிக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது.

சட்டத்தின் நோக்கத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் வகுப்புக்குத் தெரியும். அதனால்தான் 2019-ல் தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றபோது நிம்மதியானது. ஆனால் பிள்ளையை நிறுத்தாமல் இருப்பது சட்டத்தின் பாதி வேலை. நிறுத்தாமல் அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தந்த வகுப்புக்குரியதைக் கற்றுக்கொடுப்பது மறு பாதி. முதல் பாதி தானாக நடக்கிறது, மறு பாதிக்கு ஆள் வேண்டும்.

பிரதம் அமைப்பு நாடு முழுக்கக் கிராமப்புற வீடுகளுக்குப் போய் எடுக்கும் ஏசர் ஆய்வில் கணக்குக்கான உச்சபட்சக் கேள்வியே மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுப்பதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்தவர்கள் 2018-ல் 44.1 சதவீதம், 2022-ல் 44.7, 2024-ல் 45.8. இது அகில இந்திய எண். அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுக்கத் தெரியாமல் இந்தியக் கிராமங்களில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலும் இருக்கிறார்கள். நான் கேட்டபோது ஒரு பையன் தயங்காமல் பன்னிரண்டு என்று எழுதினான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் பக்கத்தில் நடந்த அதே பிழை, அதே இடத்தில், அதே சுழி இல்லாமல்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 2025-26-ல் எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதாவது மூன்றாம் வகுப்பு முழுவதும், நான்காம் வகுப்பின் கணிசமான பகுதியும் இவர்கள் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. வகுத்தலும் இடமதிப்பும் ஊன்றுவது அந்த இரண்டு வகுப்புகளில்தான். போன் இருந்த வீடுகளில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் பாடமும் கொஞ்சம் போயின. விடிலியில் கரண்டே இல்லை. பிறகு இல்லம் தேடிக் கல்வி என்ற தன்னார்வலர் திட்டம் வந்தது. தன்னார்வலராக வந்த எங்கள் ஊர்ப் பெண் மாலை நேரத்தில் சிலரை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தாள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. அப்போது இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி இல்லை. மூன்றாம் வகுப்புக்கென்று நல்ல திட்டம் வந்தபோது இவர்கள் மூன்றில் இல்லை.

அளப்பதற்கு மட்டும் குறைவில்லை. 2018-ல் ஒன்றிய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு. எங்கள் இராமநாதபுரமும் விருதுநகரும். அந்தத் தரவரிசையில் கல்விக்கு முப்பது சதவீத எடை. அது போக, தேசிய அளவில் ஒரு அடைவுத் தேர்வு, மாநில அளவில் ஒன்று. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை, உணவு, உடல்நலம், நலத்திட்டம் என்று ஆசிரியர்கள் நாள் முழுக்கப் பதிவேற்றுகிறார்கள். மாவட்டத்துக்கு இந்த எண்கள் தேவை, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பள்ளிக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. பத்துப் பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை பத்து சதவீதம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் சராசரியே இறங்கும். ஒரு கெட்டிக்காரக் குடும்பம் ஊரை விட்டுப் போனால் அடுத்த ஆண்டு பள்ளி பின்தங்கியதாகத் தோன்றும். சின்னப் பள்ளியின் படிப்பைச் சதவீதத்தில் பார்ப்பது, சமையலறையில் உப்பு பார்க்க லாரி எடைமேடையைக் கொண்டுவருவது மாதிரி. இங்கே பிள்ளையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் பார்க்க முடியும்.

எங்கள் பள்ளி பெருமையோடு காட்டும் இன்னொரு எண் என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி. தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 பேருக்குத்தான் கிடைக்கும். ஒரு பனையேறியின் மகள் அதில் தேறினாள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் அப்பா அவளைத் தொடர்ந்து படிக்க வைக்கிறார். வாசலில் அவள் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டினோம், கட்டத்தான் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றாலே ராமேஸ்வரத்தில் கலாம் படித்த பள்ளியைச் சொல்வார்கள். ஏறி நின்ற பிள்ளையை வைத்துப் பள்ளியை மதிப்பது நமக்குப் பழக்கம். எட்டாத பிள்ளையை வைத்து மதிக்கவும் நாம் பழகவேண்டும்.

அதை எனக்குக் காட்டியவர் எங்கள் கணக்கு டீச்சர். மாலையில் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் என்.எம்.எம்.எஸ். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதே நேரத்தில், பன்னிரண்டு என்று எழுதினானே, அந்தப் பையனையும் இன்னும் இருவரையும் தனியே உட்காரவைத்துத் தீக்குச்சிகளைக் கொடுக்கிறார். நூறு நூறாக ஆறு கட்டு, பத்துக் குச்சியில் ஒரு கட்டு, உதிரியாக இரண்டு. ஆறு பேருக்குப் பிரி என்கிறார். நூறு கட்டுகள் ஆளுக்கு ஒன்று போயின. பத்துக் கட்டு ஒன்றுதான் இருக்கிறது, ஆறு பேருக்கு வராது.

“அப்ப பத்து இடத்துல அவங்களுக்கு என்ன கெடச்சுது?”

“ஒண்ணும் கெடைக்கல டீச்சர்.”

“ஒண்ணும் கெடைக்கலங்கிறத எப்படி எழுதுவ?”

பையன் சுழி போட்டான். பிறகு பத்துக் கட்டைப் பிரித்து உதிரியோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கி ஆளுக்கு இரண்டு கொடுத்தான். இதற்கு ஒரு மாலையும் கொஞ்சம் தீக்குச்சியும் போதுமானதாக இருந்தது. 1985-ல் என் நண்பனுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

“டீச்சர், இவங்களுக்கு நேரம் ஒதுக்குறது எந்தப் பதிவேட்டுல வருது?” என்று கேட்டேன். “எதுலயும் வராது சார். ஆனா ஒன்பதாம் வகுப்புல இவன் உக்காந்திருப்பான்ல” என்றார். 2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் திறன் குறைந்தவர்களுக்கென்று ‘திறன்’ என்ற திட்டத்தை அரசே தொடங்கியிருக்கிறது. காலம் தாழ்ந்தாலும் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் டீச்சரைப் போல நடத்த ஆள் இருந்தால் பலன் தரும்.

சோற்றுக் கதையும் திரும்பி வந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது; 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தங்கை உப்புமா சாப்பிடும்போது ஆறாம் வகுப்பு அண்ணன் தண்ணீர்க் குழாய் பக்கம் நிற்கிறான். ஏப்ரல் வரை பசித்த வயிறு ஜூனில் பசிக்காமல் போய்விடுவதில்லை. 1984-ல் அதே செப்டம்பர் 15-ல் தட்டு எங்கள் வகுப்புக்கு நீண்டது. அந்த முடிவை இன்னொரு முறை எடுக்கவேண்டும் என்று நடுநிலைப் பள்ளிகள் உள்ள ஒவ்வொரு ஊரும் கேட்கவேண்டும்.

பெற்றோர் அறியாத ஒன்றும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கி வேனில் ஏற்றுகிறார்கள். ஆனால் 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும், பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வனும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, பின்னிரண்டுக்கு அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்ததைக் கேட்கின்றன. என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கி எட்டோடு நின்ற அந்தத் தோழி இன்று படித்திருந்தால் கல்லூரி வரை அவளுக்கு வழி இருந்திருக்கும். அந்த வழி எங்கள் ஊரில் ஆறாம் வகுப்பில் திறக்கிறது. அதைச் சொல்லத்தான் வீடு வீடாகப் போகிறோம். ஆனால் சலுகையைச் சொல்லி மட்டும் பிள்ளைகளைக் கொண்டுவர முடியாது என்று என் நண்பனின் கேள்வி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் வருவார்கள்.

எனவே எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே 1-ல் கிராம சபை கூடுகிறது. அங்கே பள்ளியைப் பற்றி மூன்று எண்களை வாசிக்கவேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் ஆறில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தமிழ்ப் பத்தியைத் தடையின்றிப் படித்து, மூன்று இலக்க வகுத்தலைப் புரிந்து செய்து எட்டு முடித்தவர்கள் எத்தனை பேர்? ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஆகஸ்ட் 15 சபையில் சேர்த்துச் சொல்லவேண்டும். எண்கள் சபைக்கு. பின்தங்கிய பிள்ளையின் பெயர் சபையில் வரக்கூடாது. அது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் குழுவுக்கும் மட்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவனுக்கு மாலையில் யார் சொல்லிக்கொடுப்பது, பனை வேலைக் காலத்தில் விடிலிக்குப் போய் யார் பார்த்துவருவது என்று எழுதியிருக்கவேண்டும்.

இதற்குப் புதிய நிதி வேண்டாம், புதிய செயலி வேண்டாம். பிள்ளைகளை முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஊர் போதும், அது எங்களிடம் இருக்கிறது. பெரிய பள்ளிகளுக்கு வாய்க்காத ஒன்று சிறிய பள்ளிக்கு வாய்த்திருக்கிறது: ஒரு பிள்ளையைக்கூட விடாமல் கற்றுக்கொடுக்க முடிகிற எண்ணிக்கை. ஆள் குறைந்துவிட்டது என்று வருந்தும் ஊர்கள் அந்த எண்ணிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்தால் வேனில் போன பிள்ளைகளும் திரும்புவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் திரும்பாவிட்டாலும், இருக்கிற பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் குறைவதில்லை.